ஜெல் கோட் ஒட்டாத மே மாதம்

மே 4, திங்கள்

மீனவர் சங்கத்தில் கொடுத்த டைரி நான்கு மாதமாகத் தையல் மிஷின் இழுப்பறையில் சும்மா கிடந்தது. சட்டைக்குக் காலர் வைத்ததையும் பட்டன் தைத்ததையும் யார் எழுதிவைப்பார்கள் என்று விட்டுவிட்டேன். இன்று எழுத ஒரு கோபம் கிடைத்தது.

என் வீட்டுக்காரர் பங்கிராஸ் காலையில் வள்ளத்தைக் கரையில் ஏற்றிப் போட்டுவிட்டு வந்தார். பதினெட்டு வருடப் பழைய ஃபைபர் வள்ளம். அவரும் என் தம்பி ஜெரோனும்தான் அதில் தொழிலுக்குப் போகிறார்கள். விலாவில் அடிபட்டு விரிசல் விட்டிருக்கிறதாம்.

"எப்படி அடிபட்டுது?"

"தூண்டில் வளைவுக் கல்லுல தட்டிச்சு."

ஜெரோனைப் பார்த்தேன். அவன் தென்னை மரத்தைப் பார்த்தான்.

சோறு போட்டுவிட்டு நானே கடற்கரைக்குப் போனேன். அலையைத் தடுக்கப் போட்ட கல்லில் தட்டினால் வெளிப்பக்கம் உரசி உரிந்திருக்கும். இங்கே உரசலே இல்லை. நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து நாலாபக்கமும் ஓடும் விரிசல். உள்ளே எட்டிப் பார்த்தேன். அதே இடத்தில் நங்கூரம் விழுந்த தடம். அடி உள்ளேயிருந்து விழுந்திருக்கிறது. நானும் இந்தக் கரையில் பிறந்தவள்தான், என்னிடமே கல் கதை சொல்கிறார்.

அவர் பின்னந்தலையில் புடைத்திருந்ததற்கு என்ன காரணம் என்று கேட்டேன். துடுப்பு தட்டியதாம். இன்றைக்கு உலகத்தில் உள்ளதெல்லாம் இவர் மேல்தான் வந்து தட்டியிருக்கிறது.

மே 5, செவ்வாய்

காலையில் பாயிலிருந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். நானும் பார்க்காதவளாகச் சாயா போட்டேன்.

பிறகு ஜெரோனைப் பிடித்து உட்காரவைத்தேன். மச்சான் சத்தியம் வாங்கியிருக்கிறாராம். சத்தியம் எனக்குச் செல்லாது, நான் உன்னைத் தூக்கி வளர்த்தவள் என்றேன்.

"நங்கூரத்த வலிச்சு எடுத்தாரு அக்கா. அப்படியே கண்ணு மேல போச்சு. நங்கூரத்தோட உள்ள சாஞ்சாரு. வெளிய சாஞ்சிருந்தா..."

இது முதல் தடவையும் இல்லையாம். ஈஸ்டருக்கு முன்னால் ஒருதடவை இன்ஜினைப் பிடித்தபடியே மயங்கியிருக்கிறார்.

சாயங்காலம் அந்தோணியார் சொரூபம் இருக்கும் கெபிக்குப் போய் நெடுநேரம் முட்டுக்குத்தி இருந்தேன். எனக்கு இந்த மனுஷன் வேண்டும். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. வரும்போது கெபி விளக்கிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் எண்ணெய் எடுத்துவந்தேன்.

மே 8, வெள்ளி

குளச்சல் போய்ச் சாமான்கள் வாங்கிவந்து முற்றத்தில் பரப்பினார். பிசின், அதை இறுகவைக்கும் ஹார்டனர், ஃபைபர் மேட் என்கிற நார்ப்பாய் ஒரு சுருள், ஜெல் கோட், நீலக் கலர் பேஸ்ட், துடைப்பதற்கு ஆசிட்டோன் ஒரு டப்பா, தேய்ப்பதற்கு வாட்டர் பேப்பர். எல்லாம் விலாவில் ஒரு கை அகல விரிசலுக்கு.

ஜெல் கோட் என்பது வள்ளத்தின் வெளித்தோல். வழவழப்பும் நிறமும் அதுதான். அது வெடித்துவிட்டால் உள்ளே இருக்கும் நாருக்குள் தண்ணீர் ஏறும். பிறகு வள்ளம் ஊறிக் கனத்து, ஒருநாள் கடலில் வைத்துப் பிளந்துவிடும். அதனால் விரிசலோடு யாரும் இறக்குவதில்லை.

விசைப்படகுகளுக்கு ஜூன் ஒன்றிலிருந்து இரண்டு மாதம் தடை. அந்த இரண்டு மாதமும் வள்ளக்காரர்களுக்குத்தான் கடல். அதற்குள் இறக்கிவிட வேண்டும் என்கிறார்.

"டாக்டர் கிட்ட ஒருநாள் போவமா?" என்றேன்.

"எதுக்கு? வள்ளத்துக்கா?"

பேச்சில் இவரை ஜெயிக்க முடியாது.

மே 9, சனி

பள்ளிக்கூட யூனிஃபார்ம் வந்து குவிந்துவிட்டது. நீலப் பாவாடை, நீல டிரவுசர். கலர் பேஸ்டை அட்டையில் தடவி எடுத்துவந்து துணிகள் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். "இந்த நீலமா, அந்த நீலமா?" வெயிலில் வெளுத்த வள்ளத்துக்குப் புது நீலம் எதுவும் சேராது என்றேன். கொஞ்சம் வெள்ளையும் ஒரு பொட்டுக் கறுப்பும் கலந்தால் சேரும் என்று சொல்லி, என் வெள்ளைத் துணியில் மூன்று பொட்டு வைத்துவிட்டுப் போனார். ஹெட்மாஸ்டர் மகளின் சட்டைத் துணி அது.

மே 12, செவ்வாய்

இன்று கிரைண்டரை வைத்து விரிசல்களை ஒவ்வொன்றாகப் பள்ளம் தோண்டினார். தூசியில் புருவம்கூட வெள்ளையாகிவிட்டது. வீட்டுக்கு வந்து நின்றபோது சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரிக்கும்போது இன்னும் மாப்பிள்ளை முகம்தான்.

உள்ளே மேட் ஒட்டிப் பலப்படுத்திவிட்டாராம். வெளியே ஜெல் கோட் நாளைக்கு. சோறு தின்றுவிட்டு உறங்கினார். நான் குப்பியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். தோண்டிய பள்ளத்தில் விரலால் கெபி எண்ணெய் தொட்டு ஒரு சிலுவை போட்டேன். இந்தத் தடவை இவரைக் கடலில் காப்பாற்று என்றுதான் போட்டேன். வேறொன்றுமில்லை.

மே 14, வியாழன்

நேற்றுப் பூசிய ஜெல் கோட், கல்லில் பிடிக்காத தோசை போல முழுசாகக் கழன்று கையோடு வந்தது.

ஜெரோன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எண்ணெப் பச எங்கயாவது பட்டிருந்தா இப்படி வரும் மச்சான்."

நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். "அப்படியா?" என்றேன்.

மே 16, சனி

காலையில் மறுபடியும் சுவரைப் பிடித்தார். இன்று கொஞ்சம் அதிக நேரம்.

மே 19, செவ்வாய்

பழைய பள்ளத்தை மறுபடி கிரைண்டர் போட்டுச் சுத்தமாக்கினார். மத்தியானம் உறங்கினார்.

புனிதர் மேல் பாரத்தைப் போட்டபிறகு பாதியில் நிறுத்துவது மரியாதை இல்லை. இந்தத் தடவை சிலுவையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டேன். விரிசல் பெரிது, சிலுவையும் அதற்குத் தக்கபடிதான் இருக்க வேண்டும்.

மே 21, வியாழன்

ஒட்டவில்லை.

கடற்காற்றில் ஈரம் அதிகம் என்றார். ஹார்டனர் பழசு என்றார். குளச்சல் கடைக்காரனின் தகப்பன்கூட நல்லவன் இல்லை என்றார். ஆனால் கோபமாக இருக்கிறவரைப் போலத் தெரியவில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் இன்னொரு தடவை கேட்டு வாங்கித் தின்றார். சாயங்காலம் என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து காஜாவுக்குப் பென்சிலால் குறி போட்டுக் கொடுத்தார். எல்லாம் கோணல். அவர் பக்கத்தில் இருந்ததே போதுமாக இருந்தது.

இப்படியே மழைக்காலம் முழுக்கப் போனால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்றுதான் எழுதுகிறேன்.

மே 25, திங்கள்

இன்று மனம் சரியில்லை.

கடற்கரையில் வலை கட்டிக்கொண்டிருந்த ஆண்களைத் தாண்டித்தான் கடைக்குப் போகவேண்டும். இவர் வள்ளத்தடியில் குனிந்து மூன்றாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பங்கிராசு, பிசின் ஒட்டல்லன்னா கொஞ்சம் கஞ்சி ஊத்தி ஒட்டும்வோய்" என்றான் ஒருவன்.

"கை போயிட்டு ஆளுக்கு. வயசாயிட்டுல்லா" என்றான் இன்னொருவன்.

இந்தக் கரையில் பாதி வள்ளங்களுக்கு ஓட்டை அடைத்துக் கொடுத்தவர் இவர். தலையை நிமிர்த்தாமல் தேய்த்துக்கொண்டே இருந்தார். உங்கள் வீட்டு வள்ளங்கள் யார் கையால் மிதக்கின்றன என்று கேட்கத் திரும்பினேன். கேட்டால் வேறு என்னவெல்லாம் வாயில் வந்துவிடுமோ என்று பேசாமல் நடந்தேன்.

சாயங்காலம் ஜெரோன் வந்தான். பக்கத்து ஊர் வள்ளத்தில் ஆள் கேட்கிறார்களாம்.

"நீ போயேன்" என்றேன்.

"மச்சான விட்டுட்டா? நம்ம வள்ளம் எறங்கணும் அக்கா. இந்த சீசன் போச்சுன்னா எனக்குப் பின்ன ஒரு வருசம் ஒண்ணுமில்ல." பிறகு, "அவரு இல்லாமலும் வள்ளம் எறங்கும், நான் ஒத்தைக்கே கொண்டுபோவேன். ஆனா அத அவருட்ட யாரு சொல்லுதது?" என்றான்.

ஒருவரைக் கரையில் வைக்கப் போய் இரண்டு பேரை உட்காரவைத்திருக்கிறேன். அதில் ஒருவரை ஊர் சிரிக்க வைத்துவிட்டேன். பிரார்த்தனை சொல்லவும் மனம் வரவில்லை.

மே 26, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலையிலேயே எண்ணெய் வைத்திருந்தேன். ஆம், மூன்றாவது தடவையும். கை பழகிவிட்டது. இன்று சாயங்காலம் பூசப் போவதாகச் சொன்னார். சோறு தின்று அவர் உறங்கியதும் மனம் தாங்காமல், அந்த எண்ணெயை நானே துடைத்துவிடலாம் என்று கிளம்பினேன். ஒட்டட்டும். பிறகு அவரை எப்படி நிறுத்துவது என்று கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

சாமான்களை வள்ளத்தின் முன்பக்க அறையில்தான் வைத்திருக்கிறார். ஆசிட்டோன் டப்பாவை எடுத்தேன். மூடிக்கு மேல் ஒட்டிய சீல் அப்படியே இருந்தது. இந்த மாதம் முழுக்க அந்த டப்பா திறக்கப்படவே இல்லை.

தோண்டிய இடத்தை ஆசிட்டோன் போட்டுத் துடைக்காமல் பிசினைத் தொடாதே என்று ஜெரோனைத் திட்டித் திட்டிப் பழக்கியவர் இவர். பூசுவதற்கு முன் ஒரே ஒருதடவை துடைத்திருந்தால் என் எண்ணெய், சிலுவை எல்லாம் போயிருக்கும். இரண்டு தடவையும் துடைக்கவில்லை.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். எப்போது வந்தார் என்று தெரியாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தொடைக்க வந்தியா?"

"எத?"

"ஏட்டி எமரி, கெபி வெளக்குக்க மணம் எனக்குத் தெரியாதா? மொத நாளே பாத்தேன். சிலுவ மாதிரி வழுவழுன்னு கெடந்துது."

எமரன்சியா என்ற என் பெயரைச் சுருக்கி அவர் கூப்பிட்டு நாளாகிவிட்டது. வீட்டில் வெறும் ஏட்டிதான்.

"பின்ன ஏன் தொடைக்காம பூசினிய?"

மணலைக் கையில் அள்ளி விட்டுக்கொண்டே இருந்தார். "நீ வைக்கிய. அது ஒட்ட மாட்டேங்கு. வள்ளம் கரையில கெடக்கு. எனக்கும் அது கொள்ளாம், நல்லதுன்னுதான் இருந்துது."

டப்பாவை மணலில் இறக்கி வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"அண்ணைக்கு விழுந்து கண்ணத் தொறந்தப்ப கர எந்தப் பக்கம்னு தெரியல்ல. ஜெரோன் முன்னால நிக்கியான், அவனுக்க பேரு வாயில வரல்ல. சின்னப் பிள்ளையிலேருந்து கெடந்த கடலு, எனக்கு ஒண்ணும் அடையாளம் தெரியல்ல. பயந்து பேடிச்சுப் போனேன் எமரி."

"எனக்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"பேடின்னு எப்படிச் சொல்லுதது? ஜெல் கோட் ஒட்டல்லன்னு சொல்லுதது எளுப்பம்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. இவரைக் கரையில் வைக்க நான் மறைந்து மறைந்து எண்ணெய் வைத்தேன். கரையில் இருக்க இவர் பார்த்தும் பார்க்காமல் பூசினார். இதற்கு நடுவில் அந்தோணியார் என்ன பாடுபட்டாரோ. முப்பத்திரண்டு வருடம் ஒன்றாக வாழ்ந்த இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டிய ஒன்றை ஒரு விரிசலிடம் விட்டிருக்கிறோம்.

நான் ஆசீர்வாதத்துக்குத்தான் வைத்தேன் என்று அப்போதும் சொன்னேன்.

"ரெண்டாவது சிலுவ ரொம்பப் பெருசு" என்றார்.

மே 29, வெள்ளி

நாகர்கோவிலில் டாக்டரைப் பார்த்தோம். பிரஷர் கூடிக் கிடக்கிறது. மாத்திரை இருக்கிறது, ஸ்கேன் ஒன்று எடுக்க வேண்டும். கடலுக்குப் போகக்கூடாது. "எப்ப வரைக்கும்?" என்று இவர் கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே இருந்தார்.

வள்ளத்தைச் சரியாக்கி ஜெரோனிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அவனிடம் தானே சொல்லிக்கொள்வாராம், நான் வாயைத் திறக்கக்கூடாது என்றார். ஊர்க்காரர்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

ஜூன் 2, செவ்வாய்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. வள்ளத்துக்கு மேல் தார்ப்பாய் கட்டி, ஒரு ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். டப்பாவின் சீலை உடைத்தார். அந்த நெடி மூக்கில் ஏறியது. துணியை நனைத்து, பள்ளம் பள்ளமாக அழுத்தித் துடைத்தார். துணியை மாற்றி மறுபடியும் துடைத்தார். பிறகு ஜெல் கோட்டில் நீலம், வெள்ளை, ஒரு பொட்டுக் கறுப்பு. ஹார்டனர் ஊற்றினால் இறுகுவதற்குள் பூசி முடிக்க வேண்டும். அவசரமே இல்லாத கை அது. பூசிய இடத்தில் காற்றுப் படாமல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, விரலால் நீவி நீவிக் குமிழிகளை ஓரத்துக்குக் கொண்டுவந்தார்.

இந்தக் கையைப் பார்த்தா அவன்கள் போய்விட்டது என்றார்கள்?

ஜூன் 3, புதன்

ஒட்டிவிட்டது. நகத்தை வைத்து நெம்பினாலும் வரவில்லை. நெம்பிப் பார்த்தது நான்தான்.

ஜூன் 5, வெள்ளி

தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்கிறார். முதலில் முரட்டுத் தாள், பிறகு மெல்லியது, பிறகு அதைவிட மெல்லியது. விரிசல் எங்கே இருந்தது என்று தடவித்தான் தேட வேண்டியிருக்கிறது. தேய்த்து முடிந்த பிறகும் தேய்க்கிறார். கடற்கரைக்காரன்களின் வாய் அடங்கிவிட்டது. கஞ்சி ஊற்றச் சொன்னவன் தன் வள்ளத்துக்கும் ஒரு பூச்சு இருக்கிறது என்று வந்து நிற்கிறான். நாளைக்கு வா என்று சொல்லியிருக்கிறார். நானாக இருந்தால் அடுத்த வருடம் வரச் சொல்லியிருப்பேன்.

ஜூன் 7, ஞாயிறு

பூசை முடிந்து இரண்டு பேரும் கடற்கரைப் பக்கமாக வந்தோம். நாளைக்கு வள்ளம் இறங்குகிறது. உள்ளே பார்த்தேன். வலை, கேன், ஜெரோனின் மழைக்கோட்டு. பக்கத்தில் இவருடைய மழைக்கோட்டும் மடித்து வைத்திருந்தது.

"ஜெரோனுட்ட சொல்லியாச்சா?" என்றேன்.

"சொல்லணும்."

வள்ளம் சரியாகிவிட்டது. புது நீலம் பளபளக்கிறது. ஒரு வாரமாக மாத்திரை தின்கிறார், சுவரைப் பிடிக்கவில்லை. இத்தனை சரியாக இருக்கும்போது ஒரு ஆண்பிள்ளை கரையில் நிற்பானா? அந்த மழைக்கோட்டை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று கை போனது. எடுக்கவில்லை. இனி மறைவில் ஒன்றும் செய்வதில்லை என்று எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் பயமாக இருக்கிறது.

ஜூன் 8, திங்கள்

வள்ளம் இறக்கும் இடத்துக்கு நான் போவதில்லை. இன்று போனேன்.

பத்துப் பன்னிரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். இவர் பின்பக்கம், எப்போதும் நிற்கும் இடத்தில். எல்லோரும் தண்ணீர் முட்டளவு வரும்போது விட்டுவிடுவார்கள். இவர் இடுப்பளவு வரை தள்ளிக்கொண்டு போய், வள்ளம் மிதந்ததும் விளிம்பில் கையை ஊன்றி ஒரே மூச்சில் உள்ளே ஏறிவிடுவார். கல்யாணமான புதிதில் அதை ஒளிந்து நின்று பார்த்திருக்கிறேன்.

வள்ளம் மிதந்தது. மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். ஜெரோன் உள்ளே இன்ஜின் கயிற்றைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான். அவனிடம் இவர் கடைசிவரை சொல்லவில்லை என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. இவர் இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றினார். ஏறாதிய என்று கத்த வாயெடுத்தேன். அந்த நேரத்தில் கத்தினால் அவர் வாழ்நாள் முழுக்க அது காதில் கிடக்கும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஊன்றியபடியே நின்றார். ஒரு அலை வந்து வள்ளத்தைத் தூக்கியது. இன்னொரு அலை வந்தது.

"மச்சான், ஏறும்" என்றான் ஜெரோன்.

"நீ போலே."

"மச்சான்..."

"இன்ஜின இழு. அல வருதுல்லா, இழுலே." சொல்லிக்கொண்டே உள்ளங்கையை வைத்து வள்ளத்தை ஒரே தள்ளாகத் தள்ளினார். பிறகு கையை விட்டார்.

இதற்காகத்தான் நான் ஒரு மாதம் பாடுபட்டேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் ஒன்றும் பிடிக்காமல் தொங்கிய அந்த இரண்டு கைகளைப் பார்க்க எனக்குச் சக்தி இல்லை. கரையில் கேலி பேசியவன்கள்கூடத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

வள்ளம் அலை தாண்டும்வரை நின்றார். பிறகு நனைந்த வேட்டியைப் பிழிந்தபடி நேராக என்னிடம் வந்தார்.

"எல்லாவனும் பாத்தானுவளா?"

"பாத்தாவ."

"அப்ப இனி ஒருத்தனுட்டயும் தனியா சொல்லவேண்டாம்."

நடக்கத் தொடங்கினோம். கொஞ்ச தூரத்தில் என் தோளில் கையை வைத்தார். ஊர் பார்க்க அவர் அப்படி என்னைத் தொட்டதே இல்லை. பயந்து நின்றுவிட்டேன்.

"தல சுத்துதா?"

"இல்லட்டி" என்றார். கையை எடுக்கவில்லை.